கடலோரப் பந்தயத்தில் கட்டுப்போட்ட வருஷங்கள்

டாக்டரிடம் வருகிறவர் எங்கே வலிக்கிறது என்று சொல்வார். எப்படி அடிபட்டது என்ற உண்மையை வெளியே வந்து மருந்து கலக்கும் கம்பவுண்டரிடம்தான் சொல்வார். இந்தத் தொழிலில் உழன்ற யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நாம் கலக்கிக் கொடுத்த மிக்ஸ்சரால் பிழைத்தவர்களைவிட, நாம் வாயைத் திறக்காததால் பிழைத்தவர்கள்தான் அதிகம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் தினமும் சைக்கிளில் காவேரிப் பாலத்தைக் கடந்து, திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் இன்னாசியின் டிஸ்பென்சரிக்குப் போய்வந்தேன். டாக்டருக்கு மோட்டார் என்றால் உயிர். ஆனால் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் பத்தடிக்கு மேல் பார்வை தெளியாது. ஓட்டும் ஆசையை விட்டுவிட்டார். ஓட்டுகிறவர்களின் எலும்பையாவது கவனிப்போம் என்று, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சவுக்குத்துறை என்ற கடற்கரையில் மாசிதோறும் நடந்த மோட்டார் பந்தயத்துக்கு வைத்தியராகப் போவார். மூங்கில் பட்டை, பஞ்சு, டிங்க்சர் பெட்டியோடு நானும் போவேன். ஆறு வருஷம் போனேன்.

ஒரே ரயிலில் மூன்று வேண்டுதல்

முதல் வருஷம் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறியபோது எங்கள் பெட்டியில் காதர் ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்தவர். நாற்பதைத் தாண்டிய கனத்த சரீரம், சாந்தமான முகம். சீட்டில் பக்கத்தில் பத்திரமாக, வீட்டில் கட்டிக்கொடுத்த ஒரு சர்க்கரைப் பொட்டலம். நாகூர் தர்காவுக்கு நேர்ச்சை என்றார். தஞ்சாவூர் தாண்டியதும் டாக்டரைப் பார்த்து மெதுவாக, பந்தயத்தில் தாமும் ஓட்டுவதாகவும், பச்சை வண்டியை இரண்டு நாள் முன்பே சாலை வழியாக அனுப்பிவிட்டதாகவும், வீட்டில் நாகூர் என்று மட்டும் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

டாக்டர் சிரித்தார். அவர் தம் வீட்டில் வேளாங்கண்ணி என்று சொல்லியிருந்தார். நானும் யோக்கியனில்லை. மோட்டார் பந்தயம் என்றால் எங்கள் அகத்தில் விடமாட்டாள் என்று, நாகப்பட்டினம் சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருந்தேன். மூவரும் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். திருவாரூரில் காப்பி வந்தபோது டாக்டர்தான் சமாதானம் கண்டுபிடித்தார்: "நாம மூணு பேரும் பொய் சொல்லலை. போற வழியில சாமி இருக்கு, இறங்கிக் கும்பிட்டுட்டாப் போச்சு."

மிராசுதாரின் கண்

அந்தப் பந்தயப் பாதை எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஊரில் இரண்டு கதை இருந்தது. உப்பளத்தின் வெள்ளைக்கார மானேஜரும் பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவரும் யார் வண்டி வேகம் என்று தர்க்கம் செய்து, ஒரு காலையில் ஈரமணலில் ஓட்டிப் பார்த்தார்கள் என்பது ஒன்று. தர்க்கமே இல்லை, மிராசுதார் வண்டியில் பிரேக் பிடிக்காமல் போயிற்று, காப்பாற்றுவதற்காகத் துரை பின்னால் துரத்தினார், பார்த்தவர்கள் பந்தயம் என்று நினைத்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. எதுவானாலும் அடுத்த மாசியில் ஏழெட்டு வண்டிகள் வந்து நின்றன. அப்புறம் வருஷா வருஷம் கூட்டம்தான்.

பாதை முக்கோணமாக மூன்று மைல் இருக்கும். ஒரு பக்கம் உப்பளத்துச் சாலை. வெயிலில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும், டயர் வெடிப்பது அங்கேதான். இரண்டாவது பக்கம் சவுக்குத் தோப்பு. நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழுந்து ஓட்டுகிறவனை ஏமாற்றும், தோள்பட்டை எலும்பு முறிவதெல்லாம் அங்கே. மூன்றாவது, கடலை ஒட்டிய ஈரமணல். கடல் உள்வாங்கியிருக்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான் அது சாலை. அப்புறம் அது கடல். ஆனால் எல்லோருக்கும் பிடித்தது அந்தப் பக்கம்தான். குலுங்காமல், தூசி இல்லாமல், அலை ஓரமாகப் பறப்பதுபோல் போகலாம் என்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வெகுநாள் எங்களுக்கு நோயாளியே வரவில்லை.

எங்கள் வைத்தியக் கூடாரத்துக்கு வந்த முதல் நோயாளி அந்த மிராசுதாரேதான். ஓட்டும்போது போடுகிற கண்ணாடி மீசைக்குப் பொருத்தமாக இல்லை என்று போடாமல் ஓட்டியிருக்கிறார். இரண்டு கண்ணிலும் சவுக்குத் தோப்பு மணல். நான் போரிக் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். பார்வை போய்விடுமோ என்று கேட்பார், தைரியம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கடைசிச் சொட்டு விட்டுத் துடைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்தத் துரைக்கும் கண்ணுல மண்ணு விழுந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

கருவாட்டு முனை

சவுக்குத் தோப்பு முடிந்து கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் மீனவர் குப்பம். மணலில் பாய் விரித்து மீன் காயப்போடுவார்கள். பந்தயத்தன்று பாயைச் சுருட்டச் சொல்லிக் கமிட்டியார் ஆள் அனுப்புவார்கள். மூன்றாம் வருஷம் அனுப்ப மறந்துவிட்டார்கள். திருச்சியில் ரயில் எஞ்சினில் கரி தள்ளும் டெரிக் என்ற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார இளைஞன், மோட்டார் சைக்கிளில் அந்த முனையில் திரும்பியவன், நேரே பாய்க்குள் போனான். அஞ்சலை என்கிற பெண்மணி மீனைக் காப்பாற்றக் குறுக்கே ஓடிவந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு பேரையும் ஒரே மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கூடாரம் முழுக்கக் கருவாட்டு வாசனை. நான் ஸ்ரீரங்கத்து ஆள்; மூச்சை அடக்கிக்கொண்டு அயோடின் போட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அஞ்சலை அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒரு வாரப் பாடு போயிற்று, இனி சந்தைக்கு எதைக் கொண்டுபோவேன் என்றாள். டெரிக்குக்கு வலியில் முகம் வெளுத்திருந்தது; நல்ல திருச்சித் தமிழில், தப்பு என்னோடதுதாங்க என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்ட, பின்னாலிருந்து இரண்டு தோளையும் அசையாமல் பிடிக்க ஒரு பலமான கை வேண்டும். என் கைக்கு அது போதவில்லை. அவளே எழுந்து வந்து பிடித்தாள். அவன் முனகியபோது, குழந்தைக்குச் சொல்வதுபோல் என்னவோ காதோரம் சொன்னாள். கட்டு முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எலும்பு கூடற வரைக்கும் சுறாப்புட்டு திங்கச் சொல்லுங்க சாமி. வண்டிய மட்டும் எங்க பக்கம் ஓட்ட வேணாம்னு சொல்லிடுங்க."

சட்டையில் இருந்த வாடை

அந்த வருஷம் ராவுத்தருக்கும் காயம். புகைபோக்கிக் குழாய் பட்டு முன்கையில் தீப்புண். பத்து நாள் டிஸ்பென்சரிக்கு வந்து கட்டு மாற்றிக்கொண்டார். தர்காவில் விளக்குச் சாய்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருப்பதாகச் சொல்லிவைத்தார். கடைசிக் கட்டு அவிழ்த்த மறுநாள் பிற்பகல், திரை போட்ட ஜட்கா வண்டி ஒன்று வாசலில் நின்றது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அம்மாள் ஒருவர் வேலைக்காரியோடு இறங்கி, மற்ற நோயாளிகள் போகும்வரை பெஞ்சில் காத்திருந்தார். காதர் ராவுத்தரின் மனைவி என்று சொன்னார். தீப்புண்ணுக்கு என்ன களிம்பு போட்டீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு, நாகூரில் விளக்குக்கு நெய் ஊற்றுகிறார்களா, மோட்டார் எண்ணெய் ஊற்றுகிறார்களா, சட்டையில் இருந்த வாடை மூன்று வெளுப்புக்கும் போகவில்லையே என்றார். நான் பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவர் கோபமாக வரவில்லை. வருஷம் முழுக்க மண்டி, வியாபாரம், பங்காளிச் சண்டை என்று முகம் சுண்டி இருக்கிற மனுஷர், மாசியில் வண்டியோட்டப் போகிற நாலு நாள் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார், நான் கேட்டால் அது நின்றுபோகும் என்றார். அங்கே வைத்தியம் பார்க்க ஆள் இருக்கிறதா, நீங்கள் கடைசி வரை இருப்பீர்களா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாராம். இருப்பேன் என்று சொன்னேன். ஜட்காவில் ஏறப்போனவர் திரும்பினார்: "அவங்க சொல்ற பொய்யை நான் கெடுக்கப்போறதில்லை. நீங்க மட்டும் அங்கேருந்து நகந்துடாதீங்க தம்பி."

கடல் முந்திக்கொண்டது

ஐந்தாம் வருஷம் கொடி அசைக்க ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வருவதாக ஏற்பாடு. அவர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். வண்டிகள் எல்லாம் வரிசையில் நின்று வெயிலில் காய்ந்தன. குப்பத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் கூடாரத்துக்கு வந்து, தண்ணீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது, இனிமேல் மணலை நம்ப முடியாது என்றார். டாக்டர் கமிட்டியாரிடம் போய் இருபது சுற்றைப் பத்தாகக் குறைக்கச் சொன்னார். பெரிய மனிதர் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது பத்துச் சுற்று மரியாதையாக இராது என்று பதினைந்தில் முடித்தார்கள் பேச்சை.

பன்னிரண்டாம் சுற்றில் ராவுத்தரின் பச்சை வண்டி கருவாட்டு முனையைத் திரும்பி மணலில் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு நீண்ட அலை வந்து முன்சக்கரத்தைத் தொட்டது. சக்கரம் புதைந்தது. வண்டி தயங்கி, கடல் பக்கமாகச் சாய்ந்து ஒருக்களித்து விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். தோள் குணமானபின் ஓட்டுவதை விட்டுவிட்டு அந்த முனையில் கொடி பிடித்துக்கொண்டிருந்த டெரிக், கொடியைப் போட்டுவிட்டுப் பாதையின் நடுவே கையை விரித்து நின்று பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தினான். குப்பத்து ஆட்கள் கயிறும் கழியுமாக ஓடிவந்தார்கள்.

இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு அலையும் அவர் முகத்தை மூடிவிட்டுப் போயிற்று. நான் தண்ணீரில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அலை வரும்போது இன்னும் தூக்குவேன், போனதும் இறக்குவேன். அவருக்கு வலி தெரிந்ததோ இல்லையோ, ஒரே கவலைதான் இருந்தது. வீட்டில், நாகூரில் படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். இனி எதற்கு மறைப்பது என்று தோன்றிவிட்டது. உங்கள் வீட்டம்மாவுக்கு இரண்டு வருஷமாக எல்லாம் தெரியும் என்றேன். இரண்டு அலை வந்து போயின. பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார்: "அப்ப நேர்ச்சைக்குன்னு சர்க்கரை கட்டிக் குடுத்தது எனக்காகவா ஐயங்காரே?"

பாலக்கரை வீட்டில்

உப்பளத்து லாரியில் நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலைக் காப்பாற்ற வழியில்லை. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தந்தி கொடுக்கலாமா என்று கேட்டேன். நாலு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை, நீ நேரில் போ என்றார் டாக்டர். அவர் நோயாளியோடு தங்கிக்கொண்டார். மறுநாள் காலை ரயிலில் ஏறினேன். தஞ்சாவூரிலிருந்து எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இன்னொரு நினைப்பும் அரித்தது. அந்த அம்மாள் வந்துபோன அன்றைக்கே நான் ராவுத்தரிடம் சொல்லியிருந்தால் வெட்கப்பட்டாவது பந்தயத்தை விட்டிருப்பாரோ? வாயை மூடியது என் தொழில் தர்மமா, என் கோழைத்தனமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

உப்புத்தண்ணீர் காய்ந்து விறைத்த வேட்டியோடு பாலக்கரை வீட்டின் முன்கட்டில் நின்றேன். அவர் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், உயிருக்குப் பயமில்லை அம்மா, கால் போயிற்று என்று ஒரே மூச்சில் சொன்னேன். திரை அசையவில்லை. எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றேன். அப்போது யார் கூட இருந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலைக்காரியிடம் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். குரல் அப்போதுதான் உடைந்தது. அதைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நான் கேட்டதை நீங்க செஞ்சுட்டீங்க தம்பி. நாகப்பட்டினத்துக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?"

திரை போட்ட கார்

மறுவருஷம் பந்தயம் நடக்குமா என்று சந்தேகமாக இருந்தது, நடந்தது. ஒரே ஒரு மாறுதல். எப்போது ஆரம்பிப்பது, எப்போது முடிப்பது என்பதைக் குப்பத்துப் பெரியவர் சொன்னார். எந்த உத்தியோகஸ்தருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. எங்கள் கூடாரத்துக்கு அருகே, உப்பளத்துச் சாலை ஓரமாக ஜன்னலுக்குத் திரை போட்ட கார் ஒன்று வந்து நின்றது. ராவுத்தர் இறங்கினார். மரக்கால் பழகி, கைத்தடியோடு நன்றாகவே நடந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நிஜமாகவே நாகூருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று என்னிடம் சர்க்கரை கொடுத்தார்.

பந்தயம் முழுக்க அவர் காரின் ஜன்னலோரமாக நின்றபடி திரைக்குள் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் தஞ்சாவூர்க்காரர், இவர் அவசரக்காரர், அதோ அந்த முனையில் கியரை மாற்றவேண்டும் என்று. உள்ளேயிருந்து பதில் இல்லை. ஏன் கூட்டிவந்தோம் என்று அவருக்கே கவலையாகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கடைசி வண்டியும் ஓடி முடிந்து தூசி அடங்கியபோது திரை ஒரு விரல் அளவு விலகியது. குரல் எனக்கும் கேட்டது: "இதுக்கா இத்தனை வருஷம் மறைச்சீங்க? அந்த வளைவுல ஒருத்தருக்கும் ஒழுங்காத் திருப்பத் தெரியலையே."

மெட்ராஸிலிருந்து வந்தவர்

அதுதான் கடைசிப் பந்தயம். யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, கடற்கரையில் முள்கம்பி வந்தது. ஒரு புயலில் ஈரமணல் பக்கம் பாதி கடலுக்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள், கோட்டுப் போட்ட கனவான் ஒருவர் மெட்ராஸிலிருந்து எங்கள் டிஸ்பென்சரியைத் தேடிக்கொண்டு வந்தார். மோட்டார் பிரியர்களுக்கான பத்திரிகை ஒன்றில் சவுக்குத்துறைப் பந்தயத்தின் சரித்திரத்தை எழுதப்போகிறாராம். கமிட்டியின் காகிதங்கள் புயலில் போய்விட்டன, ஆறு வருஷமும் கூட இருந்தவர் நீங்கள்தான் என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எனக்கு ஒரே உற்சாகம். மிராசுதாரின் கண்ணைச் சொன்னேன், டெரிக்கின் காறை எலும்பைச் சொன்னேன், நாலாம் வருஷம் இரண்டு விலா முறிந்தும் சிரித்துக்கொண்டே வந்த புதுக்கோட்டைக்காரரைச் சொன்னேன். எந்த வளைவில் எந்த எலும்பு என்று மேஜையில் விரலால் பாதையை வரைந்து காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் பேனாவைத் தொடவில்லை. முதல் வருஷம் யார் முதலில் வந்தது என்று கேட்டார். யோசித்தேன், தெரியவில்லை. இரண்டாம் வருஷம்? அதுவும் தெரியவில்லை. ராவுத்தர் விழுந்த வருஷம் கோப்பை யாருக்குப் போயிற்று, கோப்பை கொடுத்தார்களா என்பதுகூட எனக்கு நினைவில்லை. உள்ளே இருந்த டாக்டரைக் கேட்டேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வந்தவர் நோட்டுப் புத்தகத்தை மூடி, கொஞ்சம் பரிதாபத்தோடே கேட்டார்: "ஆறு வருஷத்துல ஜெயிச்சவங்க ஒருத்தரைக்கூடவா சார் உங்களுக்குத் தெரியாது?"

என்ன செய்வது, சக கம்பவுண்டர்களே, ஜெயித்தவர்கள் யாரும் நம் கூடாரத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே.